வீடு பழுது பார்த்தலும் எழுத்து ஒப்பந்தமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் கம்பனைப் பற்றியோ சேக்கிழாரைப் பற்றியோ பேசுவது நம் சங்கத்தின் மரபு. இம்முறை கொத்து வேலையைப் பற்றியும் மரவேலையைப் பற்றியும் பேசவேண்டும் எனச் செயற்குழுவினர் பணித்தபோது யாம் சற்று வியப்புற்றோம். அவர்கள் கூறிய காரணத்தைக் கேட்டபின் வியப்பு நீங்கிற்று. மாலையில் சங்கத்துக்கு வரும் உறுப்பினர்கள் தம்முள் சொல்லிக்கொள்ளும் குறைகளில், வீட்டு வேலைக்கென்று கொடுத்த முன்பணமும் பாதியில் நின்ற வேலையுமே முன்னிற்கின்றனவாம். ஆகவே இன்று கம்பனுக்கு ஓய்வு கொடுத்துக் கூரையைப் பற்றிப் பேசுவோம்.

கரமனையில் நம் முன்னோர் கட்டிய வீடுகளின் அமைப்பை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. வரிசையாக ஒட்டி நிற்பவை. ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். முன்னே திண்ணை, உள்ளே ரேழி, நடுவே முற்றம், பின்னே அடுக்களை, அதற்கும் பின்னே கிணறு. இடவப்பாதியில் ஒரு மழை, துலாம் மாதத்தில் மற்றொரு மழை. இரண்டுக்கும் இடையில் ஆற்றங்கரை ஈரமும் கரையானும் தம் தொழிலை விடாமல் செய்து வருகின்றன. தேக்கும் ஆஞ்சிலியும் எவ்வளவு காலந்தான் தாங்கும்? ஓடு மாற்றுவது, உத்திரம் மாற்றுவது, குளியலறையைப் புதிதாக்குவது, மாடி எழுப்புவது என ஏதேனும் ஒரு வேலை ஒவ்வொரு வீட்டையும் தேடி வந்தே தீரும்.

அவ்வேலையைச் செய்விப்பவர் யார்? பெரும்பாலும் ஓய்வு பெற்ற முதியவர், அல்லது கணவரை இழந்து தனித்து வாழும் அம்மையார். பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ அமெரிக்காவிலோ இருக்கின்றனர். வேலைக்கு எடுத்து வைக்கும் பணம் பணி ஓய்வின்போது கிடைத்த தொகை. ஒருமுறை கைவிட்டுப் போனால் மீண்டும் ஈட்டுவதற்கு வயது இடங்கொடாது. எதிரே நிற்பவர் பல நாள் பழகிய மேஸ்திரி. “உங்களிடம் எழுத்து எதற்கு?” என்று அவர் சிரிக்கின்றார், நாமும் சிரித்துவிட்டு அட்வான்சைக் கொடுத்துவிடுகின்றோம்.

இவ்வுறவைக் குறித்துச் சட்டம் கூறுவது யாது என்று பார்ப்போம். முதலில் அறியவேண்டியது, வீட்டு உரிமையாளருக்கும் பழுது பார்க்கும் காண்ட்ராக்டருக்கும் இடையிலான உடன்படிக்கைக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் எதுவும் இல்லை என்பது. வேறு சில நாடுகளில் உண்டு. நம் பிள்ளைகள் பலர் குடியேறியிருக்கும் கலிபோர்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கட்டிட ஒப்பந்தக்காரர்களுக்கு உரிமம் வழங்கும் வாரியம் 1929-ஆம் ஆண்டு முதல் இயங்குகின்றது. வீட்டு வேலைக்கு வாங்கும் முன்பணம் 1,000 டாலர் அல்லது ஒப்பந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு, இவ்விரண்டில் எது குறைவோ அதற்கு மேற்படக்கூடாது. கையெழுத்திட்ட பின்னும் மூன்று வேலை நாட்களுக்குள் உரிமையாளர் மனம் மாறி ரத்துச் செய்யலாம். 65 வயது நிறைந்தவராயின் ஐந்து நாள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில், தனியே வரவழைக்க வேண்டிய பொருள்களின் விலை நீங்கலாக, முன்பணம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டலாகாது.

நமக்கு அத்தகைய வரம்பு எதுவும் இல்லை. காண்ட்ராக்டர் பாதித் தொகையை முன்கூட்டியே கேட்டால் அது சட்டவிரோதம் அன்று. நாம் கொடுத்தால் அது நம் விருப்பம். அங்கே சட்டமன்றம் எழுதி வைத்த பாதுகாப்பை இங்கே நாமே நம் தாளில் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

அத்தாளுக்கு வலிமை தருவது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில் இவ்வூர் பிரிட்டிஷ் இந்தியச் சட்ட எல்லைக்குள் இருந்ததில்லை. திருவிதாங்கூர்-கொச்சி இந்திய ஒன்றியத்தின் ‘பி’ பிரிவு மாநிலமான பின்னர், 1951-ஆம் ஆண்டின் சட்டமொன்றின் வழியே இந்த ஒப்பந்தச் சட்டம் இங்கும் நடைமுறைக்கு வந்தது. நூற்றைம்பது ஆண்டு கடந்த சட்டமாயினும் அதை இயற்றியவர்கள் நம் ஓட்டுக்கூரையை மறந்துவிடவில்லை. சட்டப் பிரிவுகளின் கீழே பொருளை விளக்குவதற்காக உதாரணங்கள் தரப்பட்டுள்ளன. அவற்றுள் சில வீடு பழுது பார்ப்பதைப் பற்றியனவே. மூன்றை மட்டும் எம் சொல்லில் கூறுகின்றோம்.

முதலாவது, 73-ஆம் பிரிவில் உள்ளது. ஒருவர் மற்றொருவரின் வீட்டை இன்ன முறையில் பழுது பார்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டு பணத்தை முன்னரே பெற்றுக்கொள்கின்றார், பழுதும் பார்க்கின்றார், ஆனால் ஒப்புக்கொண்ட முறையில் அன்று. அவ்வேலையை ஒப்பந்தத்திற்கு இணங்கச் சரிசெய்ய ஆகும் செலவை வீட்டுக்காரர் அவரிடமிருந்து பெறலாம். இதில் ஊன்றிப் பார்க்கவேண்டிய சொல் “இன்ன முறையில்” என்பதே. அம்முறை எங்கும் எழுதப்படவில்லையெனின், வேலை அதற்கு மாறாக நடந்தது என்பதை எதைக்கொண்டு நிறுவுவது?

இரண்டாவது, 67-ஆம் பிரிவில் உள்ளது. இது நமக்கு எதிரானது. பழுது பார்க்க ஒப்பந்தம் ஆயிற்று. ஆனால் எங்கெங்கே பழுது என்பதைக் காட்ட வீட்டுக்காரர் தவறினார் அல்லது மறுத்தார். அதன் விளைவாக வேலை நடவாமற்போனால் ஒப்பந்தக்காரர் மீது குற்றமில்லை. “எல்லாம் பார்த்துச் செய்யுங்கள்” என்று சொல்லிவிட்டுக் காசிக்குப் புறப்பட்டுவிடும் நம்மவர் இதை நினைவிற்கொள்வது நலம்.

மூன்றாவதும் 73-ஆம் பிரிவைச் சார்ந்தது. வீட்டைக் குறித்த நாளில் குடித்தனக்காரருக்கு ஒப்படைக்க வேண்டும் என்பதைக் கட்டுபவர் அறிவார். அவர் மோசமாகக் கட்டியதால் அது இடிந்து விழுகின்றது. மறுபடி கட்டும் செலவு, இழந்த வாடகை, குடித்தனக்காரருக்குக் கொடுக்க நேர்ந்த ஈடு ஆகிய மூன்றையும் அவர் தரவேண்டும். ஏன்? குடித்தனக்காரரைப் பற்றி அவருக்கு முன்பே தெரிவிக்கப்பட்டிருந்தது. தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம், அதற்குள் முன்கட்டு முடியவேண்டும் என்றிருந்தால், அக்காரணத்தையும் தாளில் ஒரு வரியாக எழுதுங்கள். வாயால் நூறுமுறை சொல்லியிருப்போம். அது தகராறு எழும் நாளில் நினைவுக்கு வராது.

வாய்மொழி ஒப்பந்தம் செல்லாது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. 10-ஆம் பிரிவின்படி, தகுதியுள்ள இருவர் மனமொப்பி, சட்டத்துக்கு உட்பட்ட நோக்கத்துக்காக, உரிய பிரதிபலனுடன் செய்துகொண்டது எதுவும் ஒப்பந்தமே. இடர்ப்பாடு மெய்ப்பிப்பதில் இருக்கின்றது. எழுத்து என்றால் வக்கீல் எழுதிய பத்திரமே வேண்டும் என்பதும் இல்லை. பதிவு அலுவலகத்துக்குப் போகவும் வேண்டா. ஆனால் உரிய முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வது நல்லது. போதிய முத்திரையில்லாத ஒப்பந்தத்தைத் தீர்வையும் அபராதமும் கட்டும் வரையில் நீதிமன்றம் சான்றாக ஏலாது.

இனி, அத்தாளில் என்ன எழுதுவது? நம் வழக்கத்தில் இருப்பது எஸ்டிமேட் என்னும் ஒரு சீட்டு. “கூரை வேலை, குளியலறை, பெயிண்ட், மொத்தம் ஆறு லட்சம்” என்று அதில் இருக்கும். இது ஒரு மதிப்பீடு. எவ்வளவு ஆகலாம் என்னும் ஊகம். இதை ஒப்பந்தமாக்க வேண்டுமானால் அளவும் தரமும் வேண்டும். எத்தனை சதுர அடி ஓடு. பழைய ஓட்டில் நல்லது திரும்பப் பயன்படுமா. மாற்றும் உத்திரம் எத்தனை, எந்த மரம், என்ன கனம். சிமெண்ட் எந்த வகை. பூச்சுக்கு எந்த மணல். ஆற்று மணல் எளிதில் கிட்டாத இக்காலத்தில் எம்-சாண்ட் என்றும் பூச்சுக்குரிய பி-சாண்ட் என்றும் அரைத்த மணல்கள் வந்துள்ளன. வெறுமனே “மணல்” என்று எழுதினால் குவாரித் தூளும் மணல்தான் என்று ஒருவர் வாதிட இடமுண்டு. குழாய், கம்பி, சுவிட்சு இவற்றுக்கு நிறுவனப் பெயரையே குறிப்பிட்டுவிடலாம். இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றி வந்து, பழுதுள்ள இடங்களைப் படம் எடுத்து, பட்டியலிட்டுக் கையொப்பம் இடுவதே 67-ஆம் பிரிவுக்குத் தக்க விடை.

பொருள்கள் யாருடையவை என்பதையும் எழுதவேண்டும். இதில் ஒரு சுவையான வழக்கு உண்டு. சென்னை மாநில அரசுக்கும் கேனன் டங்கர்லி என்னும் கட்டிட நிறுவனத்துக்கும் இடையே நடந்த விற்பனை வரி வழக்கில் 1958-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. பிரிக்கவொண்ணாத ஒரே கட்டிட ஒப்பந்தத்தில் செங்கல்லும் சிமெண்டும் தனியே விற்கப்படுவதில்லை. அவை கட்டிடத்தில் பொருந்தி நிலத்தோடு ஒன்றும்போதுதான் உரிமையாளருக்குச் சேர்கின்றன என்பது அதன் கருத்து. அத்தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி. எல். வெங்கடராம ஐயர், 1944-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர், தீட்சிதர் கீர்த்தனைகளில் வல்லவர், டி. கே. பட்டம்மாளுக்குக் கற்பித்தவர். நவராத்திரி மண்டபக் கச்சேரியைத் தவறவிடாத நம்மவர்க்கு இது இனிக்கும் செய்தி என்பதால் சொன்னோம். வரியைப் பொறுத்தவரை அத்தீர்ப்பின் விளைவை 1982-ஆம் ஆண்டின் 46-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மாற்றிவிட்டது. ஆனால் நம் முற்றத்தில் அடுக்கியிருக்கும் டைல்ஸுக்கு அதிலிருந்து ஒரு பாடம் உண்டு. சாலைக் கடைத்தெருவிலிருந்து காண்ட்ராக்டர் கொண்டுவந்து இறக்கிய பொருளுக்கு நாம் பணம் கொடுத்திருந்தாலும், வேலை நின்றுபோனால் அவர் அதை வண்டியேற்றிக்கொண்டு போகக்கூடும். அப்போது அது யாருடையது என்ற சண்டை பிறக்கும். “பணம் செலுத்திய பொருள் இறக்கப்பட்டவுடன் வீட்டு உரிமையாளருடையது” என ஒரு வரி எழுதியிருந்தால் அச்சண்டைக்கு இடமில்லை.

பணத்தைத் தவணையாகப் பிரிப்பதில் நம்மவர் செய்யும் பிழை, நாளைக் கொண்டு பிரிப்பது. “மாதம் ஒரு லட்சம்” என்றால் மாதம் தானாகவே கழிந்துவிடும், வேலை கழியாது. வேலையின் படியைக் கொண்டு பிரியுங்கள்: பழைய கூரை இறங்கியதும் இவ்வளவு, மரம் ஏறியதும் இவ்வளவு, ஓடு வேய்ந்ததும் இவ்வளவு. எந்த நேரத்திலும் கொடுத்த பணம் நடந்த வேலையின் மதிப்பை விஞ்சாதிருக்கவேண்டும், இதுவே கணக்கு. பத்தில் ஒரு பங்கையேனும் ஒரு மழைக்காலம் கழியும் வரையில் நிறுத்தி வைப்பதாக முதலிலேயே பேசி எழுதிக்கொண்டால் நேர்மையான மேஸ்திரி அதை மறுக்கமாட்டார். மழையைக் காட்டிலும் சிறந்த பரிசோதகர் கூரைக்கு வேறு யார்? பணத்தை வங்கி வழியே கொடுங்கள். ரொக்கமாயின் ரசீது பெறுங்கள். சரக்கு சேவை வரி அத்தொகைக்குள் அடங்கியதா, மேற்கொண்டா என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

கசப்பு மிகுதியும் தோன்றுவது உபரி வேலையில்தான். கூரையைப் பிரித்தபின் சுவர் உளுத்திருப்பது தெரிகின்றது. “இதையும் பார்த்துவிடலாமா?” என்று மேஸ்திரி கேட்கின்றார், “பாருங்கள்” என்கின்றோம். அடுக்களைக்கு வந்தபோது மேடையை மாற்றச் சொல்கின்றோம். இறுதியில் ஆறு லட்சம் ஒன்பது லட்சமாகின்றது. எழுத்தில் இல்லாததற்குப் பணம் தரவேண்டியதில்லை என்று சிலர் எண்ணுவர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. 70-ஆம் பிரிவின்படி, இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி, முறையாக ஒருவர் மற்றொருவருக்கு ஒன்றைச் செய்து, மற்றவர் அதன் பயனைத் துய்த்தால் ஈடு தரவேண்டும். வங்காள அரசின் குடிமைப் பொருள் துறைக்காக 1944-இல் பி. கே. மண்டல் நிறுவனத்தார் சில கட்டிடங்களை எழுப்பினர்; முறையான ஒப்பந்தம் இல்லை என்று அரசு பணம் தர மறுத்தது. அரசு அவற்றின் பயனை ஏற்றுக்கொண்டதால் பணம் தரவேண்டும் என உச்ச நீதிமன்றம் 1962-இல் பதிவான தீர்ப்பில் கூறியது. அரசுக்கே அவ்விதியானால், திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த நாம் எம்மாத்திரம்? ஆகவே, உபரி வேலை எதையும் அதன் தொகையை எழுதி இருவரும் ஒப்பமிட்ட பின்னரே தொடங்கவேண்டும் என்னும் நிபந்தனையை முதல் தாளிலேயே சேருங்கள். நீண்ட பத்திரம் வேண்டா. கைப்பேசியில் “இச்சுவருக்கு இருபத்தையாயிரம், சம்மதம்” என அனுப்பும் செய்தியும் சான்றுதான். அமெரிக்காவிலுள்ள மகன் ஒருபுறமும் வீட்டிலுள்ள தாயார் ஒருபுறமுமாக வேறு வேறு உத்தரவு கொடுப்பதும் நிகழ்கின்றது. உத்தரவிட உரியவர் ஒருவரே என்று எழுதிவிடுங்கள்.

காலத்தைப் பற்றி 55-ஆம் பிரிவில் நுட்பமான ஒரு செய்தி உள்ளது. கட்டிட ஒப்பந்தங்களில் பொதுவாகக் காலம் உயிர்நிலையன்று என்பதை உச்ச நீதிமன்றம் 1979-இல் ஹிந்த் கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கில் எடுத்துக்காட்டியுள்ளது. நாள் குறித்தால் மட்டும் போதாது. அந்நாளே ஒப்பந்தத்தின் உயிர் என்பதும் எழுத்தில் விளங்கவேண்டும். அவ்வாறு உயிராக வைத்த நாள் தவறிய பின்னரும் வேலையை நாம் ஏற்றுக்கொண்டால், தாமதத்துக்கு ஈடு கேட்க விரும்புகின்றோம் என்பதை ஏற்கும்போதே தெரிவிக்கவேண்டும். இல்லாவிடில் அவ்வுரிமை போயிற்று. மௌனம் பெருந்தன்மையாகத் தோன்றலாம்; 55-ஆம் பிரிவு அதைச் சம்மதமாகவே கொள்ளும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஆயிரம் ரூபாய் என்று எழுதுவதுண்டு. 74-ஆம் பிரிவின்படி அது உச்சவரம்பு மட்டுமே. அதற்குட்பட்டு நியாயமான தொகையையே நீதிமன்றம் அளிக்கும். 1963-ஆம் ஆண்டின் பதேசந்த் வழக்கு இதை விளக்கிற்று.

சில செய்திகளை விரைந்து கடப்போம். பூச்சு, வண்ணம், சிறு பழுது, ஓட்டுக்கூரையின் சில்லறைப் பழுது ஆகியவற்றுக்கு 2019-ஆம் ஆண்டின் கேரள நகராட்சிக் கட்டிட விதிகளின்படி அனுமதி வேண்டா. மாடி எழுப்பவும் அறை சேர்க்கவும் மாநகராட்சி அனுமதி வேண்டும். 2024 சனவரி முதல் இது கே-ஸ்மார்ட் என்னும் கணினி வழியில் நடைபெறுகின்றது. அனுமதி பெறும் பொறுப்பு யாருடையது என எழுதுங்கள். விதிமீறல் என்று நோட்டீஸ் வந்தால் அது வீட்டுக்காரர் பெயருக்கே வரும். மின்கம்பி வேலையை அரசு மின் உரிம வாரியத்தின் உரிமம் பெற்றவரிடமே ஒப்படையுங்கள். பொதுச் சுவரைத் தொடுமுன் அடுத்த வீட்டாரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். ஒரே தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுவதால் விளைந்த பகைகளை யாம் அறிவோம். பொருள் இறக்கும்போது கைகட்டி நின்றவர்க்கும் கூலி கேட்கும் நோக்குகூலி முறையை மாநில அரசு 2018 மே 1 முதல் ஒழித்துவிட்டது. எவரேனும் வற்புறுத்தினால் காவல் நிலையத்திலும் தொழிலாளர் துறையிலும் முறையிடலாம்.

இத்தனையும் செய்தபின்னும் வேலை கெட்டால் எங்கே செல்வது? வஞ்சியூர் நீதிமன்றங்களில் உரிமை வழக்குத் தொடரலாம். ஒப்பந்த மீறலுக்குக் காலவரம்பு மூன்றாண்டு. எளிய வழி நுகர்வோர் ஆணையம். அது நமக்கு அண்மையில், வழுதக்காட்டிலேயே இருக்கின்றது. வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டப்படி ஒரு சேவையே என்பதை 1993-ஆம் ஆண்டின் திருத்தம் வெளிப்படையாகச் சேர்த்தது. லக்னோ வளர்ச்சிக் குழுமத்தின் வழக்கில் அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. நிலத்துக்கு உரியவர் தம் நிலத்தில் ஒப்பந்தக்காரரைக் கொண்டு கட்டும்போது அவர் நுகர்வோரே என்பதை 2008-ஆம் ஆண்டின் பகீர்சந்த் குலாத்தி வழக்குத் தெளிவாக்கிற்று. இப்போது நடப்பிலிருப்பது 2020 சூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் சட்டம். 2021-ஆம் ஆண்டின் விதிகளின்படி, கொடுத்த தொகை ஐம்பது லட்சம் வரையில் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. பத்து லட்சம் வரை 200 ரூபாய். காலவரம்பு இரண்டே ஆண்டு. இதை மறந்து மூன்றாம் ஆண்டில் வந்து நிற்போர் பலர். பணம் அனுப்பியவர் துபாயிலிருக்கும் மகனாயினும், அவர் சம்மதத்துடன் சேவையைப் பெற்ற தந்தையாரும் நுகர்வோரே. ஒப்பந்தத்தில் மத்தியஸ்தர் தீர்ப்புக்கு உட்படுவதாக அச்சிட்டிருப்பதைக் கண்டு அஞ்சவேண்டா. அது நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்பது 2018-ஆம் ஆண்டு எமார் வழக்கில் முடிந்த முடிபு.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். பொருள்களை நாமே வாங்கி, கொத்தனாரையும் கையாளையும் தினக்கூலிக்கு அமர்த்தி, நாமே மேற்பார்வை செய்தால், அது எசமானுக்கும் பணியாளுக்கும் இடையிலான தனிப்பட்ட பணி ஒப்பந்தம் என்ற வாதம் எழும். அத்தகையது நுகர்வோர் சட்டத்தின் சேவையில் சேராது. செலவு குறையும் என்று இவ்வழியை நாடுவோர் இக்காப்பையும் இழக்க நேரலாம். மற்றொன்று: ரெரா என வழங்கும் 2016-ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டத்தில், கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்தாண்டுப் பொறுப்பு உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது விற்பனைக்காகக் கட்டுவோரைக் கட்டுப்படுத்துவது. விற்பனையோடு தொடர்பில்லாத பழுது வேலைக்கு அதில் இடமில்லை. எத்தனை ஆண்டுப் பொறுப்பு என்பதை நாமே எழுதினால்தான் உண்டு.

காவல் நிலையத்துக்கு ஓடுவோர் பெரும்பாலும் “இது சிவில் விவகாரம்” என்ற சொல்லுடன் திரும்புகின்றனர். அதில் உண்மையும் உண்டு. தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினாலன்றி, வேலையை முடிக்காதது மோசடிக் குற்றமாகாது.

ஆணையத்தில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சான்று. மோசமான தளத்தைக் கண்டு மனம் பொறாது அடுத்த நாளே வேறொரு மேஸ்திரியை அழைத்து இடித்துவிட்டால், குறையையே அழித்தவராகின்றோம். மறுபுறம், ஒழுகும் கூரையை வழக்கு முடியும் வரை அப்படியே விட்டுவைத்து, மரமெல்லாம் அழுகிற்று என்று அதற்கும் ஈடு கேட்பதும் நில்லாது. இழப்பைக் குறைக்க நம் கையிலிருந்த வழிகளையும் கருதவேண்டும் என 73-ஆம் பிரிவின் விளக்கம் கூறுகின்றது. செய்யத்தக்கது யாதெனின்: முதலில் எழுத்தில் அறிவிப்பு அனுப்பி, குறையைச் சரிசெய்ய நாள் குறித்தல், பின் தகுதி பெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்து அளந்து அறிக்கை பெறுதல், அல்லது ஆணையத்தின் வழியே நிபுணரை நியமிக்கக் கோருதல், அதன்பின் இடித்துக் கட்டுதல். கணக்கும் எளிதே. ஆறு லட்சத்து வேலைக்கு நான்கு லட்சம் கொடுத்தாயிற்று. மீதியை முடிக்க வேறொருவர் மூன்றரை லட்சம் நியாயமாக வாங்குகின்றார். கொடுக்க மிச்சமிருந்த இரண்டு லட்சத்தைக் கழித்தால் நம் இழப்பு ஒன்றரை லட்சம். கொடுத்த நான்கு லட்சத்தையும் திருப்பித் தரவேண்டும் என்று கேட்பது ஆத்திரத்தின் கணக்கு.

மேஸ்திரியின் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது முறையன்று. வேலை முடிந்தபின் குறை கண்டுபிடித்துக் கடைசித் தவணையைக் கொடாதவர்கள் நம்முள்ளும் இருக்கின்றனர். அவருக்கு நுகர்வோர் ஆணையம் இல்லை. உரிமை வழக்கொன்றே வழி. கூலிக்கு வந்த வங்காளத்து இளைஞனுக்குச் சனிக்கிழமை பணம் கொடுத்தாக வேண்டிய நெருக்கடியும் அவருடையது. படிப்படியான தவணையும் ஒப்பமிட்ட உபரிக் கணக்கும் அவரையும் காக்கின்றன. எழுத்து என்றதும் அவர்மீது ஐயம் என்று பொருள் கொள்ளாதபடி, “உங்கள் பணத்துக்கும் இது காப்பு” என்று சொல்லித் தாளை நீட்டுங்கள்.

இறுதியாக மொழி. நம்மில் முதியோர் பலர் மலையாளத்தைப் பேசுவர். எழுத்து வடிவில் படிக்க இடர்ப்படுவர். காண்ட்ராக்டர் நீட்டும் அச்சுத் தாளில், படிக்காமலே “வாசித்தறிந்தேன்” என்பதன்கீழ்க் கையொப்பமிடுகின்றனர். படிக்கவில்லை என்பது பின்னர் எளிதில் எடுபடும் வாதமன்று. ஒப்பந்தம் இன்ன மொழியில்தான் இருக்கவேண்டும் என ஒப்பந்தச் சட்டம் விதிக்கவில்லை. ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் தமிழ் என எழுதி இரண்டிலும் இருவர் ஒப்பமும் பெறலாம். ஐயம் எழுந்தால் எது மேற்படும் என்பதையும் குறித்துவிடலாம். மொழிபெயர்க்க ஆளில்லாதவர்க்குச் சங்கத்தில் மாலைநேரத்தில் இருக்கும் நம் இளைஞர்கள் உதவக் காத்திருக்கின்றனர். நுகர்வோர் உதவிக்கு 1915 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு.

வேலை முடியும் நாளில், கடைசித் தவணையைக் கொடுக்குமுன், சில பொருள்களைக் கேட்டு வாங்கி வையுங்கள்: கம்பியும் குழாயும் சுவருக்குள் எவ்வழியே செல்கின்றன என்று காட்டும் ஒரு படம், மோட்டாருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் உரிய பில்லும் உத்தரவாதச் சீட்டும், பெயிண்டின் நிற எண், மீந்துபோன ஒரு கட்டு டைல்ஸ், பத்துப் பதினைந்து ஓடு. அடுத்த இடவப்பாதியில் தேங்காய் விழுந்து ஓடு உடைந்தால், அதே அளவில் மறுபடி கிடைப்பது அரிது.